காற்றில்லாத நாள்

கழற்றிப் போட்ட ஹாரன் சத்தம் போடாது. அது தெரிவதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை, பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, காரிலிருந்து கழற்றிய ஹாரனை அதன்மேல் கிடத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் காதில் அதே ஹாரன் அடித்தது. மேசையிலிருந்து அல்ல. கடல் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, வெகு தூரத்திலிருந்து. இரண்டு முறை ஒழுங்காக அடித்தது. மூன்றாவது முறை, தொண்டை கட்டியவன் கூப்பிடுவதுபோல் பாதியிலேயே கம்மிப்போனது.

அந்த மூன்றாவது சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் அவருக்கு அடையாளம் தெரியும். கார் வாங்கிய நாளிலிருந்து அந்த ஹாரனுக்கு அதுதான் சீக்கு. எத்தனை முறை பிரித்து மாட்டினாலும் மூன்றாவது அழுத்தத்தில் மூச்சு முட்டும். ஊருக்கெல்லாம் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர் வீட்டுக் கார் இப்படி இருமுகிறதே என்று அக்கம்பக்கத்தில் கேலி வேறு. அதனால்தான் அன்று காலை காருக்குப் புது ஹாரன் வாங்கி மாட்டியிருந்தார். பழையதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. தன் மீன்பிடிப் படகில் மாட்டிவிடலாம் என்று வைத்துக்கொண்டார்.

"ஏய், இப்ப ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. மண்ணெண்ணெய வச்சு சாப்பாட்டு மேசைய நாசம் பண்ற சத்தம்" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "ஊருல உங்க கார் ஒண்ணுதான் ஓட்டக் காரா? எவனாவது அடிச்சிருப்பான்."

இருக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சாலை கிடையாது. ஒரு வெற்று மனை, அதைத் தாண்டிப் பாறை, அதைத் தாண்டித் தண்ணீர். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். குளிருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இலை உதிரத் தொடங்கிவிட்டால் கானாங்கெளுத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் கரைக்குப் பக்கத்தில் வரும். கூடவே காற்றும் வரும். பெரிய படகுக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத சின்னப் படகு வைத்திருப்பவனுக்குக் காற்றுதான் எமன். வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று பேயாய் அடித்து ஓய்ந்ததும், தெற்குக் காற்று எழும்புவதற்கு முன்னால், கடல் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அந்த நாளைப் பிடிக்கத்தான் மெக்கானிக் இரண்டு வாரமாக வானிலை ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு அலைந்தார். அந்த ரேடியோ கேட்க மட்டும்தான் உதவும், அதில் பேச முடியாது. ஒரு பெண் இயந்திரக் குரலில் காற்று, அலை, பார்வைத் தூரம் என்று நாள் முழுக்கச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

"எங்க அக்கா பேச்ச கேக்குறதவிட அந்த ரேடியோகாரி பேச்சத்தான் நீங்க அதிகமா கேக்குறீங்க மாமா" என்பான் மைத்துனன். மெக்கானிக்குக்கு அவன் வைத்த பெயரே 'வானிலை'. கூடப்பிறந்தவன் என்றுதான் பெயர், மெக்கானிக்கின் மனைவிக்கு அவன் பிள்ளை. தாய் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவர்களுக்கென்று குழந்தை இல்லாமல் போனதை அவன்தான் வீடு முழுக்கச் சத்தம் போட்டு மறக்கடித்தான். இப்போது வேலைக்குப் போகிறான், மீசை இருக்கிறது, ஆனாலும் காய்ச்சல் வந்தால் அக்கா வீட்டுக்குத்தான் வந்து படுப்பான். நீச்சல் மட்டும் வராது.

சனிக்கிழமை காற்றில்லை என்று ரேடியோகாரி சொன்னாள். காலையில் கொஞ்சம் மூடுபனி இருக்கலாம், வெயில் ஏறியதும் விலகிவிடும் என்றாள். மெக்கானிக் அதையும் விட்டுவிடவில்லை. மூடுபனி என்றால் ஹாரன் வேண்டும், அதற்குத்தான் இந்தத் துடைப்பும் தேய்ப்பும். பெட்ரோலை மூன்று பங்காகப் பிரித்தார். போக ஒன்று, வர ஒன்று, ஆபத்துக்கு ஒன்று. பனி இறங்கிவிட்டால் மனைவி காரைப் படகுத்துறைச் சரிவில் கொண்டுவந்து நிறுத்தி, விட்டுவிட்டு மும்மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இவர்கள் வந்துவிடுவார்கள். அது அந்தக் குடும்பத்தின் பழைய ஏற்பாடு. போன வருஷம்கூட அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் உட்கார்ந்து ஹாரனைப் படகில் மாட்டினார். கை எட்டும் இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்குக்கு மேலே, காம்பஸுக்குப் பக்கத்தில் இரண்டு திருகாணி போட்டு இறுக்கினார். பார்க்க லட்சணமாக இருந்தது. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு, ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

சனிக்கிழமை விடிகாலையில் மனைவிதான் அவர்களைத் துறையில் கொண்டுவந்து விட்டாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து, நர்ஸ் உடுப்புக்கு மேல் புது நீல ஸ்வெட்டரோடு அப்படியே வந்திருந்தாள். அவளுடைய பழைய சிவப்பு ஸ்வெட்டர் பூச்சி அரித்து, போன குளிர்காலத்தோடு குப்பைக்குப் போய்விட்டது. படகு டிரெய்லரிலிருந்து நழுவித் தண்ணீரில் இறங்கியதும், தம்பியின் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"மூச்சு முட்டுது அக்கா."

"முட்டட்டும்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "இவன எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கொண்டுவந்து என் கையில ஒப்படைக்கணும்."

"என்னடி, பாத்திரம் இரவல் குடுக்கற மாதிரி பேசற. கொண்டுவந்து சேக்கறேன், போ."

கரையின் விளக்குகளை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு போனார்கள். காம்பஸைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. தூண்டிலைப் போட்டதுதான் தாமதம், மீன் அள்ளிக்கொண்டு வந்தது. மைத்துனன் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கூச்சல் போட்டான். மெக்கானிக் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. இந்த நாளைத் தேடிப் பிடித்தவர் அவர் அல்லவா.

மூடுபனி வெளிக்கடலிலிருந்து நகர்ந்து வரும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார். அது தண்ணீரிலிருந்தே எழுந்தது. முதலில் கணுக்கால் உயரத்துக்கு, கொதிக்கப் போகும் பாலின் மேல் எழும் ஆவி மாதிரி, நல்ல ஈரத் துணி வாசனையோடு. பிறகு கரை மங்கியது. சூரியன் ஒரு வெள்ளைப் பொட்டானது, பிறகு அதுவும் அழிந்தது. மைத்துனனின் மீசையில் துளித்துளியாகத் தண்ணீர் கோத்து நின்றது. இரண்டு தூண்டில் நீளத்துக்கு அப்பால் உலகமே இல்லை, அந்த வெள்ளைக்குள் இன்ஜினின் பெட்ரோல் நாற்றமும் மீன் வாடையும் போகிற வழி தெரியாமல் அவர்கள் மேலேயே தங்கின.

"வெயில் ஏறினா விலகிடும்" என்றார்.

வெயில் ஏறும் நேரம் வந்தது, போனது. ரேடியோகாரி நிதானமாகச் சொன்னாள்: காற்று இல்லை. கடல் அமைதி. பார்வைத் தூரம் மிகக் குறைவு. காற்றில்லாவிட்டால் பனியை யார் தள்ளிக்கொண்டு போவது? அந்தக் காற்றில்லாத நாளைத்தான் இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினோம் என்று நினைத்து ரேடியோவை அணைத்தார். போனில் சிக்னல் எப்போதோ செத்திருந்தது. வரைபடத்தைத் திறந்தால், நீலப் புள்ளி இன்னும் காலையில் கிளம்பிய படகுத்துறையிலேயே உட்கார்ந்திருந்தது. அவர்கள் கிளம்பவே இல்லை என்கிற மாதிரி.

"போலாம் மாப்ள. கரை மேற்கால. காம்பஸ் இருக்கு, பயமில்ல."

படகைத் திருப்பினார். முள் சோம்பலாக நகர்ந்து மேற்கில் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். வெகுநேரம் ஓட்டினார். ஆழம் காட்டும் சின்னத் திரையில் பதினெட்டு மீட்டர் என்று இருந்தது. பிறகு இருபத்தாறு. பிறகு நாற்பது. கரைக்குப் போகப் போக ஆழம் குறைய வேண்டும், ஏறக் கூடாது. நடுவில் ஏதாவது பள்ளம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார், மைத்துனனிடம் சொல்லவில்லை. அவன் மீன் பெட்டிமேல் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு, கூச்சலை நிறுத்தியிருந்தான்.

"ஹாரன அடிங்களேன் மாமா. எதிரொலி வந்தா கரை எந்தப் பக்கம்னு தெரியுமில்ல."

நல்ல யோசனைதான். அழுத்தினார். இரண்டு ஒழுங்காக, மூன்றாவது கம்மி.

பனி அதை விழுங்கியது. அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்புறம் எதிரே, வெள்ளைக்குள் எங்கிருந்தோ, அதே மூன்று சத்தம் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா! பாறைல பட்டு வருது. கரை வந்தாச்சு!" அவன் எழுந்தே நின்றுவிட்டான். "உக்காருடா" என்று அதட்டினார் மெக்கானிக். எதிரொலிதான். எதிரொலி இல்லாமல் வேறென்ன. ஆனால் கடல் பக்கத்து ஜன்னலை அவர் சாத்தியது ஞாபகத்துக்கு வந்தது. மண்ணெண்ணெய் வாசனைகூட மூக்கில் வந்தது.

மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. முன்னைவிடக் கிட்டத்தில்.

மூன்றாவது தடவை அழுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனார். பொத்தானை அவர் விரல் இன்னும் தொடவில்லை.

எதிரே அது அடித்தது.

மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் விரலைப் பார்த்தான்.

அப்போதுதான் மெக்கானிக்கின் கண் காம்பஸ்மேல் விழுந்தது. இவ்வளவு நேரமாக அதன் முள்ளைப் பார்த்தாரே தவிர, அதன் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. ஹாரன். உள்ளே இரும்பு, இரும்பைச் சுற்றிக் கம்பிச் சுருள். கரண்ட் பாய்ந்தால் காந்தம். நாள்பட்ட ஹாரன் சும்மா கிடந்தாலும் கொஞ்சம் காந்தம்தான். ஃபிரிட்ஜ் கதவின் காந்தப் பட்டையைத் தினமும் கையால் தடவிப் பார்க்கும் மனுஷன், காந்தத்தைக் கொண்டுபோய் காம்பஸின் மடியில் வைத்து, லட்சணமாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருக்கிறார்.

கத்தியால் திருகாணிகளை நெம்பினார். ஒயரைப் பிய்த்தார். ஹாரனைப் படகின் பின்கோடிக்குக் கொண்டுபோனதும், முள் ஒரு குலுக்கல் குலுங்கி, பாதி வட்டம் சுற்றி, எதிர்ப்பக்கம் போய் நின்றது.

"கிழக்க வந்திருக்கோம் மாப்ள" என்றார். "இவ்ளோ நேரமும் வெளியதான் வந்திருக்கோம். என் தப்பு. எல்லாம் என் தப்பு."

"அப்ப எதிரொலி? வெளிய ஏது பாறை?"

படகைத் திருப்பினார். திருப்பிய அந்த நேரத்தில், வெகு தூரத்தில், பஞ்சு வைத்து அடைத்ததுபோல் மெல்லியதாக, புது ஹாரன் கேட்டது. மூன்றும் சுத்தமாக. கம்மல் இல்லை, இருமல் இல்லை. வியாழக்கிழமை காலை தன் கையால் மாட்டிய ஹாரன். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க அக்கா! நம்ம கார்தான், புது ஹாரன். கேக்குதா?"

"கேக்குது மாமா. கேக்குது. விடுங்க, வேகமா விடுங்க."

விட்டார். பின்னால் பழையது அடித்தது. முன்னால் புதியது அடித்தது. மீன் பெட்டி தடதடத்தது. கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் ஒரு முறை இருமியது. மெக்கானிக் பெட்ரோல் கேனைத் தூக்கிக் குலுக்கினார். காலி. போகிற பங்கு, வருகிற பங்கு, ஆபத்துக்கான பங்கு, மூன்றும் கிழக்கே போவதற்கே செலவாகிவிட்டிருந்தது. இன்ஜின் இன்னொரு முறை இருமி நின்றது.

அமைதி. படகின் அடியில் தண்ணீர் நாக்கால் நக்குவதுபோல் ஒரு சத்தம்.

நங்கூரக் கயிறு தரையைத் தொடவில்லை. மொத்தத்தையும் விட்டும் தொடவில்லை. ஓதம் இறங்கி, கடல் வற்றிக்கொண்டிருந்தது. வற்றும் தண்ணீர் வெளிப்பக்கம்தான் இழுக்கும், கிளம்புமுன் அவர் போட்ட கணக்கிலேயே அது இருந்தது. துடுப்பு போட்டார்கள். இரண்டு பேரும், கை கொப்புளித்துப்போகும்வரை. சுத்தமான மூன்று சத்தம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்தது.

பழையது கிட்டே வந்தது.

பனிக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வெள்ளைச் சுவர். கூண்டுக்குக்கூடக் கம்பி இருக்கும், இடுக்கு இருக்கும். இதில் அதுவும் இல்லை. மெக்கானிக் பழைய ஹாரனை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். ஒயர் அறுந்து தொங்கியது. அது அடிக்கவில்லை. அடிக்காது. அடித்தது வேறு.

"மாமா."

"பேசாத."

"மாமா, அங்க பாருங்க. லைட்."

இரண்டு மஞ்சள் விளக்குகள். கார் விளக்குகள். பனி கொஞ்சம் கிழிந்து, அதன் கீழே சிமெண்ட் சரிவு தெரிந்தது. பாசி பிடித்த ஓரம். கயிறு கட்டும் இரும்பு வளையம். சரிவின் மேலே கார். காருக்கு முன்னால் அவள், கையைத் தலைக்கு மேல் தூக்கி அசைத்துக்கொண்டு.

"அக்கா!" மைத்துனன் விம்மினான். "மாமா, துறை! வந்துட்டோம் மாமா!" கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு படகின் முனைக்குப் போனான்.

மெக்கானிக்கும் மடியிலிருந்த ஹாரனைக் கீழே வைத்தார். அந்தச் சரிவை அவருக்குத் தெரியும், அதன் ஒவ்வொரு விரிசலும் தெரியும். அவர் கண் அவளுடைய ஸ்வெட்டரில் போய் நின்றது.

சிவப்பு.

குனிந்து திரையைப் பார்த்தார். ஆழம் தொண்ணூற்று நான்கு மீட்டர்.

"டேய், இறங்காத! இறங்காதடா!"

அவன் குதித்துவிட்டான். அவன் கால் சிமெண்டில் பட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் தெறிக்கவில்லை. வழக்கம்போல வளையத்துக்குப் பக்கத்தில் குந்தி, வழக்கம்போல இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். பிறகு எழுந்து அவளிடம் நடந்தான். அவள் லைஃப் ஜாக்கெட் வாரைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"மாப்ள, திரும்பி வா. அது உங்க அக்கா இல்ல. என்னப் பாரு. என்னப் பாருடா!"

அவன் திரும்பவில்லை. அவள்தான் திரும்பினாள். அவளுடைய முகம்தான், இத்தனை வருஷம் பார்த்த முகம். அவள் வாயைத் திறந்தாள். பேசுவதற்குத் திறப்பதைவிட அதிகமாக. அதற்குள்ளிருந்து வந்தது.

பாம்.

பாம்.

வெகு தூரத்தில், மேற்கே, ஊசி முனை அளவுக்குத் தேய்ந்துபோய், சுத்தமான மூன்று சத்தம் கேட்டது. நிஜமானவள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள். தம்பியைக் கையில் வாங்கிக்கொள்ளக் காத்திருந்தாள்.

மெக்கானிக் கத்தியைத் தேடினார். திருகாணியை நெம்பிய கத்தி. அதைப் பின்கோடியில் எங்கோ போட்டிருந்தார். கயிறு விறைத்தது. படகு தானாகவே, மெதுவாக, சரிவை நோக்கி நகர ஆரம்பித்தது. திரையில் தொண்ணூற்று நான்கு மாறவே இல்லை.

அப்போது மைத்துனன் அவர் பக்கம் திரும்பினான். மீசையில் துளித்துளியாகத் தண்ணீர். அவனும் வாயைத் திறந்தான். மூன்றாவது சத்தம், அந்தக் கம்மிய சத்தம், அவன் தொண்டையிலிருந்து வந்தது.